தறியும் கம்பைலரும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

"நாம் எப்படி எழுதினால் என்ன? கம்பைலர் பார்த்துக் கொள்ளும்!" புரோகிராம் எழுதும் நண்பர்கள் பலர் இவ்வாறு கூறக் கேட்கிறேன். இக்கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை.

சி மொழியில் புரோகிராம் முழுவதும் முன்கூட்டியே இயந்திர மொழிக்கு மாற்றப்படுகிறது. 'ஜஸ்ட்-இன்-டைம்' கம்பைலரோ, புரோகிராம் ஓடும்போதே தேவையான பகுதியை மாற்றித் தருகிறது. 2012இல் வெளியான ஜூலியா மொழி இம்முறையில் இயங்குவது. அதை உருவாக்கிய நால்வருள் விரால் ஷா என்ற இந்தியரும் ஒருவர் என்பது நமக்குப் பெருமை.

சென்ற பருவத்தில் ஊசலின் இயக்கத்தைக் கணக்கிட ஜூலியாவில் ஒரு புரோகிராம் எழுதினேன். ஒரு கணிப்பொறிக்கு நான்கு பேர். என் பங்கு அரை மணி நேரம். நேரம் முடிந்தும் விடை வரவில்லை. அடுத்தவருக்கு இடம் விட்டுத் தலைகுனிந்து எழுந்தேன்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். தறியில் இருந்த தந்தையாரிடம் நடந்ததைச் சொன்னேன். "என்ன நூலுன்னு சொல்லாம பாவு ஓட்டச் சொன்னா எப்பிடிய்யா நெய்யிறது?" என்றார். என் தவறு விளங்கிற்று! மதிப்புகளை எல்லாம் பொது மாறிகளாக வைத்திருந்தேன். அவை எந்நேரமும் வேறு வகைக்கு மாறலாம். ஆகவே ஒவ்வொரு அடியிலும் புரோகிராம் ஓடும்போதே வகையைச் சோதிக்க வேண்டியிருந்தது. மறு வாரம் அதே கணக்கை ஒரு ஃபங்ஷனுக்குள் வைத்து, மதிப்புகளை அதனிடம் கொடுத்தேன். ஒரு நிமிடத்திற்குள் விடை வந்தது. கணிப்பொறியும் அதுவே, கம்பைலரும் அதுவே!

ஒரே முறை ஓடும் சிறு புரோகிராமுக்கு இவ்வளவு கவலை வேண்டாம் என்பீர்கள். உண்மைதான். ஆயின் இலட்சம் முறை சுழலும் கணக்குக்கு அது பொருந்துமா? வசதி உள்ளோர் வேகமான கணிப்பொறி வாங்கிக் கொள்வர். அரை மணிக்குக் காத்து நிற்கும் நாம் என் செய்வது?

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். செய்முறை ஏட்டில் விடையுடன், அதற்கு ஆன நேரத்தையும் எழுதச் செய்யுங்கள். முதல் ஓட்டத்தில் மொழிமாற்றும் நேரமும் சேர்ந்துவிடும். ஆதலால் இரண்டாம் ஓட்டத்தின் நேரத்தைக் குறிப்பதே முறை. அளந்து பார்க்கும் பழக்கம் வந்தால், திருத்தி எழுதும் பழக்கமும் தானே வரும்.

நண்பர்களே, கம்பைலர் நல்ல நெசவாளி. நூலைச் சொல்லிக் கொடுப்பது நம் கடமை!