எக்ஸ்ட்ரா டிரை என்றால் இனிப்பு

பேரங்காடியின் ஒயின் வரிசைக்கு முன்னால் நின்று படம் எடுத்து, "இதுல எத வாங்கட்டும்?" என்று அனுப்பும் நண்பர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். படத்தில் பெரும்பாலும் மூன்று போத்தல்கள் இருக்கும். ஒன்று இத்தாலியின் புரோசெக்கோ, இன்னொன்று ஸ்பெயினின் காவா, மூன்றாவது கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பூட்டி வைக்கப்பட்ட ஷாம்பேன். கேட்பவர் ஒயின் ரசிகராக இருக்கமாட்டார். தங்கைக்குப் பதவி உயர்வு, அல்லது புது வீவக வீட்டுக்கு நண்பர்கள் முதல்முறை வருகிறார்கள். ஞாயிறு பதினொரு மணிக்குச் சாப்பாடு, கூடவே ஆளுக்கு ஒரு மிமோசா. அவ்வளவுதான் திட்டம்.

பிரெஞ்சு அல்ல, ப்ரஞ்ச். காலை உணவையும் மதிய உணவையும் சேர்த்துச் சாப்பிடும் இந்த ஞாயிற்றுக்கிழமைப் பழக்கத்தைப் பரிந்துரைத்து, 1895ல் கை பெரிங்கர் என்ற ஆங்கில எழுத்தாளர் ஒரு கட்டுரையே எழுதினார். தாமதமாக எழுந்து, தோசையையும் மதியச் சாப்பாட்டையும் ஒன்றாக முடித்துவிடும் நமக்கு அந்தக் கட்டுரை தேவைப்பட்டிருக்காது. ஆனால் போத்தலில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்கக் கொஞ்சம் உதவி தேவை. பலர் ஏமாறுவது அங்கேதான்.

சீட்டில் இருக்கும் பொறி

'டிரை' என்றால் இனிப்பில்லாதது என்று தெரியும். அப்படியானால் 'எக்ஸ்ட்ரா டிரை' என்பது இன்னும் இனிப்பு குறைந்தது என்றுதானே யாரும் நினைப்பார்கள்? ஸ்பார்க்ளிங் ஒயினில் கணக்கு தலைகீழ். 'புரூட்' என்று போட்டிருந்தால் ஒரு லிட்டரில் சர்க்கரை 12 கிராமுக்கும் குறைவு. 'எக்ஸ்ட்ரா டிரை' என்றால் 12 முதல் 17 கிராம். வெறும் 'டிரை' என்றால் 17 முதல் 32 கிராம். 'டெமி செக்' அதற்கும் மேலே, 50 வரை போகும். இனிப்பை அறவே விரும்பாதவர்களுக்கு 'புரூட் நேச்சர்' உண்டு. அதில் 3 கிராமுக்கும் குறைவு.

இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. காக்டெய்லில் ஒயின் தனியாக நிற்பதில்லை, பழச்சாற்றின் இனிப்பும் சேர்கிறது. பெட்டியில் வரும் ஆரஞ்சுச் சாற்றை ஊற்றப்போகிறீர்கள் என்றால் புரூட் வாங்குங்கள். எக்ஸ்ட்ரா டிரை வாங்கினால் இரண்டு இனிப்பும் சேர்ந்து திகட்டிவிடும். கலமன்சி, புளிப்பான அன்னாசி, பொமெலோ போன்றவற்றைப் பிழிந்து ஊற்றுவதானால் எக்ஸ்ட்ரா டிரை பொருத்தம். சாறு புளித்தால் ஒயின் இனிக்கட்டும், சாறு இனித்தால் ஒயின் புளிக்கட்டும்.

மூன்று போத்தல், மூன்று குணம்

ஷாம்பேன், பிரான்ஸின் ஷாம்பேன் வட்டாரத்தில் மட்டுமே தயாராவது. நொதித்த ஒயினைப் போத்தலில் அடைத்து, அதற்குள்ளேயே இரண்டாவது முறை நொதிக்க விடுகிறார்கள். ஆண்டு குறிப்பிடாத சாதாரண ஷாம்பேன்கூடக் குறைந்தது 15 மாதம் காத்திருக்க வேண்டும். நொதித்து முடித்த ஈஸ்டோடு அது கிடப்பதால்தான் சுட்ட ரொட்டி, வறுத்த பருப்பு போன்ற மெல்லிய வாசனைகள் வருகின்றன. அந்த வாசனைக்குத்தான் நாம் கூடுதல் பணம் கொடுக்கிறோம். அதன் தலையில் அரைக் குவளை ஆரஞ்சுச் சாற்றைக் கொட்டினால் மிஞ்சுவது நுரை மட்டுமே. நல்ல ஷாம்பேன் வீட்டில் இருந்தால் அதைத் தனியாகக் குடியுங்கள்.

காவாவும் ஷாம்பேனைப் போலவே போத்தலுக்குள் இரண்டாம் முறை நொதிப்பது. குறைந்தபட்சக் காத்திருப்பு 9 மாதம். பெரும்பாலும் மக்கபேயோ, சரேல்லோ, பரெல்லாடா என்ற ஸ்பெயின் திராட்சைகளில் செய்கிறார்கள். எலுமிச்சைத் தோல் போன்ற ஒரு புளிப்பும் சற்றுக் கறாரான சுவையும் இதற்கு உண்டு. ஆரஞ்சுச் சாறு சேர்க்கும் மிமோசாவுக்கு என் முதல் தேர்வு காவா புரூட். பிரான்ஸிலேயே மற்ற வட்டாரங்களில் இதே முறையில் தயாராகும் 'கிரெமோன்' கிடைத்தால் அதையும் எடுக்கலாம்.

புரோசெக்கோவின் வழி வேறு. வடகிழக்கு இத்தாலியில் கிளேரா என்ற திராட்சையில் செய்வது. இரண்டாவது நொதிப்பு போத்தலில் அல்ல, அழுத்தத்தைத் தாங்கும் பெரிய உருக்குத் தொட்டியில் நடக்கிறது. காலமும் குறைவு, செலவும் குறைவு. ரொட்டி வாசனைக்குப் பதில் பேரிக்காய், பச்சை ஆப்பிள், வெள்ளைப் பூ வாசனைகள் இருக்கும். லைச்சி, கொய்யா, பீச், மாம்பழம் ஆகியவற்றோடு இது நன்றாக ஒட்டிக்கொள்ளும். வெனிஸ் நகரின் ஹாரிஸ் பாரில் ஜுசெப்பே சிப்ரியானி உருவாக்கிய பெல்லினி, வெள்ளைப் பீச் விழுதும் புரோசெக்கோவும் சேர்ந்ததுதான். ஜொவான்னி பெல்லினி என்ற ஓவியரின் பெயரை அதற்குச் சூட்டினார்.

புரோசெக்கோ வாங்கும்போது இன்னொரு சொல்லையும் பாருங்கள். 'ஸ்புமான்டே' என்றால் முழு நுரை. 'ஃபிரிசான்டே' என்றால் லேசான நுரை. ஃபிரிசான்டேயில் சாறு ஊற்றினால் இரண்டே நிமிடத்தில் அடங்கிவிடும்.

அவ்வளவு மது வேண்டாம் என்பவர்களுக்கு மொஸ்காட்டோ டாஸ்டி இருக்கிறது. மற்றவற்றில் ஆல்கஹால் 11, 12 விழுக்காடு என்றால், இதில் ஏறக்குறைய 5தான். நல்ல இனிப்பு. இதில் பழச்சாறு வேண்டாம், கலமன்சி இரண்டைப் பிழிந்தால் போதும்.

எவ்வளவு செலவழிக்கலாம்?

சிங்கப்பூரில் ஒயினுக்கான தீர்வை போத்தலின் விலையைப் பார்ப்பதில்லை, உள்ளே இருக்கும் ஆல்கஹாலைப் பார்க்கிறது. ஒரு லிட்டர் தூய ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி. 11 விழுக்காடு உள்ள 750 மில்லிலிட்டர் புரோசெக்கோவுக்குக் கணக்குப் போட்டால் தீர்வை 7 வெள்ளி 26 காசு. அதற்குமேல் 9 விழுக்காடு பொருள், சேவை வரி. ஆக, 25 வெள்ளிப் போத்தலில் 9 வெள்ளிக்குமேல் வரியாகவே போகிறது. மீதியில்தான் ஒயின், கண்ணாடி, கப்பல் கூலி, கடைக்காரர் லாபம் எல்லாம்.

80 வெள்ளிப் போத்தலுக்கும் தீர்வை கிட்டத்தட்ட அதேதான். அதனால் ஆக மலிவான போத்தலில் ஒயினுக்கென்று போகும் பங்கு மிகச் சிறியது. அதிலிருந்து ஐந்தாறு வெள்ளி கூட்டினால் சுவையில் வித்தியாசம் தெரியும். ஆனால் சாறு கலக்கப்போகும் போத்தலுக்கு அதற்குமேல் ஏறிக்கொண்டே போவதில் பயனில்லை. மிச்சப் பணத்தில் நல்ல பழம் வாங்குங்கள். பெட்டிச் சாற்றுக்கும் அப்போது பிழிந்த சாற்றுக்கும் உள்ள தூரம், இரண்டு போத்தல்களுக்கு நடுவில் உள்ள தூரத்தைவிட அதிகம்.

அளவுக்கு ஒரு கணக்கு: அனைத்துலக பார் பணியாளர் சங்கத்தின் செய்முறைப்படி மிமோசா என்பது 75 மில்லிலிட்டர் ஒயின், 75 மில்லிலிட்டர் ஆரஞ்சுச் சாறு. ஒரு போத்தலில் பத்துக் குவளை. நுரையில் போவதைக் கழித்தால் எட்டு, ஒன்பது வரும். ஆறு பேர் குடிப்பார்கள் என்றால் ஒரு போத்தலும், கையிருப்பாக இன்னொன்றும் போதும்.

சாப்பாட்டு மேசையில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். வடை, பக்கோடா, பரோட்டா போன்ற எண்ணெய்ப் பண்டங்களுக்குப் புரூட்டின் புளிப்பும் நுரையும் நாக்கைக் கழுவிவிட்டதுபோல் இருக்கும். சம்பல் காரத்தோடு நாசி லெமாக் என்றால் எக்ஸ்ட்ரா டிரை பக்கம் போங்கள். ஆல்கஹாலும் நுரையும் மிளகாய் எரிச்சலைக் கூட்டும், கொஞ்சம் இனிப்பு அதைத் தணிக்கும்.

திறப்பதும் ஊற்றுவதும்

நம் ஊர்ச் சூட்டில் போத்தல் குறைந்தது மூன்று மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் இருக்கவேண்டும். அவசரம் என்றால் பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த வாளியில் அரை மணி நேரம். வெறும் பனிக்கட்டியைவிடத் தண்ணீர் சேர்ந்தது சீக்கிரம் குளிர்விக்கும். சாறும் குளிர்ந்திருக்கட்டும். வெதுவெதுப்பான சாறு பட்டால் நுரை பறந்துவிடும்.

ஷாம்பேன் போத்தலுக்குள் அழுத்தம் கார் சக்கரத்தில் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். கம்பியை அவிழ்த்த நொடியிலிருந்து கட்டைவிரல் தக்கையின்மேல் இருக்கவேண்டும். போத்தலைச் சற்றுச் சாய்த்து, துணியால் தக்கையை இறுகப் பிடித்து, தக்கையைத் திருகாமல் போத்தலைத் திருகுங்கள். குழந்தைகள் நிற்கும் பக்கமோ சுழலும் மின்விசிறிப் பக்கமோ காட்டவேண்டாம். 'டப்' சத்தம் காணொளிக்கு அழகு, கண்ணுக்கு ஆபத்து.

ஊற்றும் வரிசை சாற்றைப் பொறுத்தது. மாம்பழம், பீச் போன்ற விழுது என்றால் அது முதலில் அடியில், அதன்மேல் ஒயினைச் சிறிது சிறிதாக. ஆரஞ்சு போன்ற நீர்த்த சாறு என்றால் ஒயின் முதலில், சாறு பிறகு. சர்க்கரையுள்ள சாறு கனமானது, தானே இறங்கிக் கலந்துகொள்ளும். சக்கையை வடிகட்டிவிடுங்கள். சக்கை இருந்தால் நுரை பொங்கி மேசைக்கு வரும். மிச்சம் இருந்தால் ஸ்பார்க்ளிங் ஒயினுக்கென்றே விற்கும் மூடியைப் போட்டு வையுங்கள், மறுநாள்வரை தாங்கும். போத்தல் வாயில் கரண்டியைச் சொருகினால் நுரை தங்கும் என்பது வெறும் நம்பிக்கை.

குடிக்காதவர்களுக்கும் அதே மேசை

நம் வீடுகளில் மது என்ற சொல்லுக்குப் பழைய கனம் உண்டு. மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் கள்ளுக்கடையும் சேர்ந்தே இருந்தது. சம்பள நாளில் அந்தக் கடையில் கரைந்த பணத்தையும், அன்றிரவு வீட்டில் நடந்ததையும் நேரில் பார்த்து வளர்ந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். மேசையில் போத்தலைப் பார்த்ததும் பாட்டியின் முகம் மாறினால், "இது அந்த மாதிரி இல்ல பாட்டி, வெறும் நுரைதான்" என்று சிரித்துக் கடந்துவிடக் கூடாது. முன்கூட்டியே சொல்லுங்கள். எத்தனை போத்தல் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். அடுக்களையில் ஊற்றி எடுத்து வாருங்கள். புரட்டாசியிலும் விரத நாள்களிலும் திட்டமிடாமல் இருப்பது இன்னும் நல்லது.

வருகிறவர்களில் கர்ப்பிணி இருக்கலாம், அதை இன்னும் யாருக்கும் சொல்லாமலும் இருக்கலாம். குடியை விட்டுவிட்டு நாள்களை எண்ணிக்கொண்டிருப்பவர் இருக்கலாம். மாத்திரை சாப்பிடுபவர் இருக்கலாம். "ஏன் குடிக்கல?" என்ற கேள்வி இவர்கள் எல்லாரையும் சபை நடுவில் நிறுத்திவிடும். அந்தக் கேள்விக்கே இடம் வராமல் செய்வது சுலபம். அதே நீண்ட குவளையில், அதே சாற்றில், ஒயினுக்குப் பதில் குளிர்ந்த சோடா. தட்டில் இரண்டும் அருகருகே வரட்டும், அவரவர் எடுத்துக்கொள்வார்கள். முஸ்லிம் நண்பர்கள் வந்தால் சாற்றுக் குடுவையும் குவளைகளும் தனியாக இருக்கட்டும். ஆல்கஹால் நீக்கிய ஒயினிலும் சொற்ப அளவு மிஞ்சியிருக்கலாம் என்பதால் அவர்களுக்குச் சோடாவும் சாறுமே சரி. கறாரான சைவர்களுக்கும் ஒரு தகவல்: சில ஒயின்களைத் தெளியவைக்க முட்டை வெள்ளையோ மீனிலிருந்து எடுக்கும் பசையோ பயன்படுத்துகிறார்கள். 'வீகன்' குறியீடு உள்ளதைத் தேடி வாங்குங்கள்.

கடைசியாக, வண்டிச் சாவி. முறையாக அளந்து ஊற்றிய மிமோசாவில் சுத்த ஆல்கஹால் சுமார் ஆறரை கிராம். ஆனால் வீட்டில் யாரும் அளந்து ஊற்றுவதில்லை. ஒயின் 100 மில்லிலிட்டரானால் ஒன்பது கிராமை நெருங்கும், மூன்று குவளையில் 26 கிராம். பழச்சாறு போல இறங்குவதால் எண்ணிக்கை மறந்துபோகும். சிங்கப்பூரில் வாகனமோட்டிகளுக்கான வரம்பு 100 மில்லிலிட்டர் மூச்சில் 35 மைக்ரோகிராம். அதைத் தொடும்வரை குடிக்கலாம் என்று யாரும் வீட்டில் கணக்குப் போட்டுப் பார்க்க முடியாது. அதனால் அழைப்பை அனுப்பும்போதே, "குடிக்கிறவங்க கார் எடுத்துட்டு வராதீங்க" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். வந்து சேர்ந்த பிறகு சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள்.