எச்.பி. மட்டும் கேட்டா போதாது... உள்ளே இம்பெல்லர் என்னன்னு கேளுங்க!

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை அம்பத்தூர் தொழிற்பேட்டையை மூழ்கடித்தது நினைவிருக்கும். ஆவடி, பூந்தமல்லி பக்கம் மழைக்காலம் வந்தாலே மோட்டார் கடைகளில் கூட்டம்தான். எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "எத்தனை எச்.பி.?"

அது பாதி கேள்விதான். எச்.பி. என்பது மோட்டாரின் சக்தி, ஒரு எச்.பி. சுமார் 746 வாட். எந்த மாதிரி தண்ணீரை இறைக்கும் என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வது உள்ளே சுற்றும் இம்பெல்லர். வாஷிங் மெஷின் ஸ்பின்னரில் துணியிலிருந்து தண்ணீர் வெளியே தெறிக்கிறதே, அதே விசைதான் இங்கேயும். நடுவில் நுழையும் நீரை இம்பெல்லர் ஓரத்துக்கு வீசுகிறது. நத்தைக்கூடு மாதிரி இருக்கும் உறை அந்த வேகத்தை அழுத்தமாக மாற்றுகிறது.

இம்பெல்லர் இதழ்களின் இரண்டு பக்கமும் தட்டு மூடியிருந்தால் குளோஸ்டு வகை. சம்ப்பிலிருந்து மாடி டேங்க்குக்கு நல்ல தண்ணீர் ஏற்ற இதுதான் சரி. ஆனால் வெள்ளத்தில் மிதக்கும் பிளாஸ்டிக் கவர், துணி, மண் எல்லாம் அந்தக் குறுகிய வழியில் சிக்கிக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் தட்டு இருந்தால் செமி ஓபன், இரண்டு பக்கமும் இல்லாவிட்டால் ஓபன். கொஞ்சம் திறன் குறையும், கசடு போகும். கழிவுநீருக்கென்றே வோர்டெக்ஸ் வகை உண்டு. அதில் இம்பெல்லர் பின்னால் ஒதுங்கி நின்று சுழலை மட்டும் உண்டாக்கும். குப்பை பெரும்பாலும் அதைத் தொடாமலே வெளியேறிவிடும்.

போர்வெல் கதை வேறு. மேலே வைத்த சாதாரண பம்பு, கோட்பாட்டின்படியே சுமார் 10.3 மீட்டருக்குக் கீழிருந்து நீரை உறிஞ்ச முடியாது. நடைமுறையில் 7, 8 மீட்டர்தான். காற்றழுத்தம் அவ்வளவுதான் தள்ளும். அதனால்தான் சப்மெர்சிபிள் பம்பை உள்ளே இறக்குகிறார்கள். அதில் இம்பெல்லர்கள் அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வொரு அடுக்கும் அழுத்தத்தைக் கூட்டும். (பல வீடுகளில் இருக்கும் 'கம்ப்ரசர் மோட்டார்' இந்தக் குடும்பமே இல்லை. அது காற்றை அனுப்பி நீரைத் தூக்குவது.)

30 மீட்டர் ஹெட் பம்பை பேஸ்மென்ட்டில் 3 மீட்டர் தூக்க வைத்தால் ஈஸிதானே என்று தோன்றும். உண்மையில் அளவுக்கு மீறி நீர் பாய்ந்து, மோட்டார் அதிக கரன்ட் இழுத்து, காயில் கருக வாய்ப்புண்டு.

பெட்டியில் எச்.பி.யைப் பெரிதாக அச்சடிக்கும் நிறுவனங்கள், இம்பெல்லர் வகையையும், எத்தனை மில்லிமீட்டர் கசடு வரை போகும் என்பதையும் அதே அளவில் அச்சடிக்க வேண்டும். அதுவரை, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே பம்பு வாங்கும் அபார்ட்மென்ட் சங்கங்கள் இந்த இரண்டையும் கடைக்காரரிடம் கேட்டு, பில்லில் எழுதி வாங்கலாம்.