டெஸ்டர் யார் கையில்?

வீட்டில் சூடாகிற பொருளெல்லாம் பெண் கைக்கு உரியது. அடுப்பு, இஸ்திரிப் பெட்டி, ரைஸ் குக்கர், கீசர். சூடுபடுவதும் ஷாக் வாங்குவதும் அவள்தான். ஆனால் அவற்றின் மூடியைத் திறக்கிற ஸ்க்ரூடிரைவர் மட்டும் ஆண் கைக்கு. புழங்குகிறவள் வேறு, அறிந்தவன் வேறு என்ற இந்தப் பிரிவினைதான் நம் வீடுகளில் முதலில் இழுக்கப்பட்ட வயர்.

போன மார்கழியில் விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக் கீசர் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்கத் தந்தது. பிறகு கட்-அவுட் விழுந்து நின்றுபோனது. தெர்மோஸ்டாட் பழுது. எலக்ட்ரீஷியன் மூன்று நாளாக "நாளைக்கு வரேம்மா" என்றார். கல்லூரி முடிந்து திரும்புகையில் திண்டிவனத்தில் ஒரு கடையில் தெர்மோஸ்டாட் கேட்டேன். "மாட்டுறதுக்கு வீட்ல சார் இருக்காருங்களா மேடம்?" சார் இருக்கிறார். அவருக்கும் மாட்டத் தெரியாது. ஆனால் அவர் போயிருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது. "மெயினை ஆஃப் பண்ணிட்டு மாட்டிக்குங்க சார்" என்று வழி சொல்லியே அனுப்பியிருப்பார்கள். அறியாமை இருவருக்கும் பொது. அறிந்துகொள்ளும் உரிமை ஒருவருக்கு மட்டும்.

அந்த வேலையில் ரகசியம் எதுவும் இல்லை. சுவிட்சை அணைத்தால் போதாது, எம்.சி.பி.யையும் அணைக்க வேண்டும். டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கிற பிளக்கில் வைத்து அது எரிகிறதா பார்த்துவிட்டு, பிறகு கீசர் முனைகளில் வைக்க வேண்டும். எந்த வயர் எங்கே என்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, பழைய தெர்மோஸ்டாட்டை உருவி, அதே நீளமும் ஆம்பியரும் உள்ள புதியதைக் குழலில் செருக வேண்டும். எங்களுடையது போன்ற கம்பி வகையில் அந்தக் குழல் தனியே மூடியிருக்கும். தொட்டியை வடிக்கத் தேவையில்லை. வயர்களை அதனதன் இடத்தில் மாட்டி, எர்த் வயர் இறுக்கமா என்று பார்த்து, மூடியைப் போட வேண்டும். அரைமணி நேரம். மாட்டினேன்.

"மின்சாரம் ஆபத்தாச்சே" என்கிறார்கள். ஆபத்துதான். எர்த் இல்லாத கிரைண்டரில் ஈரக் கையோடு மாவு தள்ளும்போது அந்த ஆபத்து யாருக்கும் நினைவு வருவதில்லை. பாதுகாப்பு என்பது அறிவிலிருந்து விலக்கி வைப்பதல்ல.

தோழிகள் வேறொன்று கேட்கிறார்கள்: ஏற்கெனவே அத்தனை வேலை, இதையும் நாமே சுமப்பதா? வேண்டாம். எல்லாவற்றையும் நாமே செய்யச் சொல்லவில்லை. கூலி கொடுத்து ஆள் வைக்கலாம். ஆனால் வந்தவர் என்ன கழற்றுகிறார், எதற்குப் பணம் கேட்கிறார் என்று தெரிந்திருப்பது சுமையல்ல, அதிகாரம்.

இந்த மண்ணில் இது புதிதும் அல்ல. பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு விதவையான அ. லலிதா, சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியலில் சேர்ந்தார். அச்சிட்ட சான்றிதழில் 'அவன்' என்பதை அடித்துவிட்டு 'அவள்' என்று எழுத வேண்டியிருந்தது. பின்னாளில் பக்ரா நங்கல் அணைத் திட்டப் பணியில் பங்காற்றினார். அவருடைய தந்தை அதே கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அறிவின் கதவு அவருக்கு வீட்டுக்குள்ளிருந்தே திறந்தது. மற்றப் பெண்களுக்கு அது வீட்டுக்குள்ளேயே சாத்தப்படுகிறது. நான் படித்த பள்ளியில் எங்கள் கையில் எம்பிராய்டரி ஊசியைத் தந்தார்கள்; டெஸ்டரைத் தரவில்லை.

2011இல் தமிழக அரசு பெண்களுக்கென்று மிக்சி, கிரைண்டர், மின்விசிறி தந்தது. வேண்டிய உதவிதான், எத்தனையோ பெண்களின் முதுகுவலியைக் குறைத்தது. சீர்வரிசையிலும் இவற்றைத்தான் அடுக்குகிறோம். அரசின் பெட்டியிலும் இல்லை, அப்பாவின் சீரிலும் இல்லை, ஒரு டெஸ்டர். பொருளைக் கொடுத்துவிட்டு அதன் சாவியை இன்னொருவரிடம் கொடுப்பதற்குப் பெயர் கொடையா?

ஆறாம் வகுப்பிலேயே ஒவ்வொரு பெண்ணுக்கும் ஃபியூஸ், எர்த், எம்.சி.பி. எது என்று கையில் தொட்டுக் கற்றுக்கொடுங்கள். ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் பிரிவில் சேரப் போகிற மகளை "அதெல்லாம் பொண்ணுங்களுக்கு எதுக்கு" என்று திருப்பி அனுப்பாதீர்கள். கொதிக்கிறதைப் பொறுத்துக்கொள்ளத்தான் நமக்கு நிறையக் கற்றுத்தந்தார்கள். எந்த அளவில் நிறுத்துவது என்பதை இனி நாமே திருகி வைப்போம்.