கணக்கில் ஏறாத கட்டணம்

இலங்கையில் வைத்தியம் இலவசம் என்பதைச் சிறுபராயத்திலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த வாக்கியம் பொய்யுமன்று. புற்றுநோய் கண்ட ஒருவர், அவர் எவ்வளவு வறியவராயினும், கையில் காசில்லாமலே அரசாங்க வைத்தியசாலைக்குள் சென்று சத்திரசிகிச்சையும் கதிர்ச்சிகிச்சையும் மருந்தேற்றலும் பெறலாம் என்ற ஏற்பாடு, நம்மினும் பன்மடங்கு செல்வமுடைய தேசங்கள் சிலவற்றில் இன்றுவரை இல்லை. ஆயினும், மன்னார்ப் பெருநிலப்பரப்பில் குளமும் வயலும் காடுமாய் விரிந்து கிடக்கும் பெரியமடு போன்ற கிராமமொன்றில், எழுபது வயதைக் கடந்த ஒருவருக்கு அவ்வியாதி வந்துவிட்டதென்றால், அந்தக் குடும்பம் கூடியிருந்து முதலிற் பேசுவது காசைப் பற்றித்தான். இலவசமென்று கூறப்படும் ஒன்றுக்குக் காசு ஏன் தேவைப்படுகிறது என்பதைச் சற்று நிதானமாக ஆராய்வது அவசியமாகிறது.

பெரியமடுவின் முதியவர்களிடம் சேமிப்பு இல்லையென்றால், அதற்கு அவர்களுடைய ஊதாரித்தனம் காரணமன்று. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு புத்தளம் போய் இருபது வருஷகாலம் அகதிகளாய்க் கழித்தவர்களும், இறுதி யுத்தத்தின்போது வன்னியின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு ஓடி முகாமில் அடைபட்டவர்களும், 2009க்குப் பின்னர் திரும்பி வந்து, பற்றை வெட்டி, வரம்பு கட்டி, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்கள்; தேகத்தில் வலுவிருந்த வருஷங்களை இடப்பெயர்வு தின்றுவிட்டது. அரசாங்க உத்தியோகத்தர்க்கும் அவர்களில் ஓய்வு பெற்றோர்க்கும் அக்ரஹார காப்புறுதி உண்டு. குளத்துத் தண்ணீரை நம்பிக் காலபோகம் விதைத்தவர்க்கு அத்தகைய பாதுகாப்பு எதுவுமில்லை. எழுபது வயதைத் தாண்டிய வறிய முதியவருக்கு 2025இல் மாதம் 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்ட கொடுப்பனவு ஒன்றே நிச்சயமாகக் கைக்கு வரும் பணம்.

இந்த நிலையிலுள்ள ஒருவர் சிகிச்சைக்குப் போகவேண்டிய இடங்களில் முக்கியமானவை இரண்டு: ஒன்று யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழை, மற்றையது கொழும்புக்கு அப்பால் மகரகம. தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை, 2011ஆம் ஆண்டில் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை 670 கிலோமீற்றர் நடந்த ஒரு யாத்திரையில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்ற பேதமின்றிச் சேர்ந்த நிதியைக்கொண்டு எழுந்தது. வடக்கின் நோயாளர் பலரும் மகரகமவுக்கு அலைந்த காலத்தை அது முடித்துவைத்தது. அதே வருஷம் சங்குப்பிட்டிப் பாலமும் திறக்கப்பட்டதால் மன்னாரிலிருந்து பூநகரி வழியாக யாழ்ப்பாணம் செல்லும் பிரயாணம் சுருங்கிற்று. ஆனாலும் நோயுற்ற முதியவர் தனியே பஸ் ஏற முடியாது. உடன் போகும் மகனோ மகளோ அன்றைய கூலியை இழக்கிறார். கிளினிக் நாள் வரும்போதெல்லாம் இது நிகழ்கிறது.

பிரயாணச் செலவையாவது முன்கூட்டியே கணக்கிடலாம். கணக்கிட முடியாதது, மருந்து இருப்பில் இல்லாத நாளில் கையில் தரப்படும் துண்டு. ‘இப்ப ஸ்டொக்கில இல்லை, வெளியில வாங்கிக்கொண்டு வாங்கோ’ என்று சொல்லும் தாதியின்மீதோ எழுதிக்கொடுக்கும் வைத்தியர்மீதோ குற்றமில்லை. மருந்தேற்றல் தவணை தவறினால் விளையும் தீங்கை அறிந்தே அவர்கள் எழுதுகிறார்கள். இருபது, முப்பது நோயாளர் சேர்ந்து வாங்கினால் மலிவாகக் கிடைக்கக்கூடிய ஔஷதத்தை, ஒருவராய், அவசரத்தில், சில்லறை விலைக்கு, அதிலும் மிக வறியவர் வாங்கவேண்டியிருப்பதே இதிலுள்ள விபரீதம். ஸ்கானுக்கும் விசேட இரத்தப் பரிசோதனைக்கும் தனியாரிடம் அனுப்பப்படும்போதும் இதே கதை. நகை அடைவுக்குப் போகிறது. அடுத்த அறுவடை முன்கூட்டியே கைமாறுகிறது. ஜனாஸாத் தொழுகைக்கு முன்னர் மையித்தின் கடனுக்குப் பொறுப்பேற்பவர் யாரென்று அறிவிக்கும் வழக்கமுடைய ஒரு சமூகத்தில், ‘பிள்ளையளுக்குக் கடன் வைச்சுப்போட்டுப் போகேலாது’ என்று சொல்லிச் சிகிச்சையை நடுவழியில் நிறுத்திக்கொள்ளும் முதியவர் அஞ்சுவது மரணத்துக்கன்று.

இவ்விடத்தில் நம் சரித்திரத்திலிருந்து ஒன்றை நினைவுகூரலாம். 1951இல் ஒழிக்கப்பட்டிருந்த வைத்தியசாலைக் கட்டணம், 1971இல், வெளிநோயாளருக்கு 25 சதம் என்ற அளவில் மீண்டும் வந்தது. தொகை அற்பமானது, ஆயினும் அது பகிரங்கமாக வசூலிக்கப்பட்டதால் ஜனங்கள் அதை அறிந்தார்கள், எதிர்த்தார்கள், 1977இல் அது நீக்கப்பட்டது. இன்று துண்டின்மூலம் வசூலாகும் கட்டணமோ, எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாமல், எந்த அமைச்சரும் அறிவிக்காமல், எந்தச் சட்டசபையும் விவாதிக்காமல் நடைபெறுகிறது. கணக்கில் இல்லாத கட்டணத்தை நீக்கும்படி யாரிடம் கேட்பது? என் வாதத்தின் சாரம் இதுவே: வெளியே வாங்கும்படி எழுதப்படும் ஒவ்வொரு துண்டும் நோயாளியின் செலவன்று, அரசாங்கம் அந்நோயாளிக்குப் பட்ட கடன்.

விலையை நாம் தீர்மானிக்க முடியாதென்று கைவிரிப்பதும் பொருந்தாது. அதே 1971இல் பேராசிரியர் சேனக பிபிலேயும் வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் வகுத்த திட்டத்தின்படி அமைந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம், வியாபாரப் பெயரை விட்டு மருந்தின் பொதுப்பெயரால் உலகச் சந்தையில் மொத்தமாகக் கேள்விப்பத்திரம் கோரினால் விலை எவ்வளவு வீழும் என்பதை உலகுக்கே காட்டிற்று. அயல்நாடான இந்தியா, இரத்தப் புற்றுநோய்க்கான இமாற்றினிப் மருந்தின் புதிய வடிவத்துக்கு நொவார்டிஸ் கம்பெனி கேட்ட காப்புரிமையை மறுத்தது. சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் 2006இல் தொடங்கிய அவ்விவகாரம் 2013 ஏப்ரல் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் முடிந்தது. மாதம் ஏறக்குறைய 2,80,000 இந்திய ரூபாய் விற்ற சொராஃபெனிப் என்ற மருந்தை 8,800 ரூபாய்க்கு விற்க 2012இல் கட்டாய அனுமதி வழங்கியதும் அத்தேசமே. உலகச் சுகாதார ஸ்தாபனமும் 2015இல் இமாற்றினிப், றிற்றுக்சிமாப், றாஸ்ற்றுசுமாப் ஆகியவற்றை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஆகவே, ஏழை நாட்டுக்கு இவை எட்டாத ஆடம்பரம் என்ற பேச்சுக்கு இனி இடமில்லை.

மருந்துக் கம்பெனிகளின் கோட்டையாகிய அமெரிக்காவிலேகூட, 2022இன் சட்டமொன்று, முதியோர்க்கான அரசாங்கக் காப்புறுதியின் மருந்துத் திட்டத்தில் உள்ளவர் தம் கையிலிருந்து செலுத்தவேண்டிய வருடாந்தத் தொகைக்கு, 2025 முதல் ஓர் எல்லையை விதித்திருக்கிறது; அவ்வருஷம் அது 2,000 டொலர். அத்தொகை நமக்குப் பெரிது; ஆனால் எல்லை என்ற ஒன்று அங்கே உண்டு. இலவச வைத்தியம் என்று பெருமை பேசும் நம் நாட்டில், துண்டுக்கு எல்லையே கிடையாது.

நாடு வங்குரோத்தடைந்து மீண்டுவரும் வேளையில், வாழ்ந்து முடித்தவர்க்கு விலையுயர்ந்த மருந்து எதற்கு என்று சிலர் தணிந்த குரலிற் கேட்பதுண்டு. 2022இன் பஞ்சத்தை மறுப்பார் யாருமில்லை. எனினும், தரமற்ற இம்யூனோகுளோபியூலின் கொள்வனவு தொடர்பில் முன்னாள் சுகாதார அமைச்சரொருவர் 2024 பெப்ரவரியில் கைதுசெய்யப்படும் நிலை வந்த ஒரு தேசத்தில், தட்டுப்பாடு முழுவதையும் வறுமையின் தலையிற் சுமத்துதல் நியாயமன்று. அன்றியும், முதியோர்க்கு வேண்டுவன யாவும் விலையுயர்ந்தவையல்ல; மார்புப் புற்றுநோய்க்கு வருஷக்கணக்காக விழுங்கவேண்டிய ரமொக்சிபென் போன்ற மாத்திரைகள் பழையவை, மலிவானவை. அவை இடையறாமல் கிடைப்பதற்குப் பணத்தைவிட ஒழுங்கே முக்கியம்.

செய்யவேண்டியவை கடினமானவையல்ல. வெளியே வாங்கும்படி எழுதப்படும் துண்டு ஒவ்வொன்றும் இலக்கமிட்டு, இரட்டைப் பிரதியாகி, வைத்தியசாலையின் கணக்கில் ஏறவேண்டும். வைத்தியச் செலவுக்கு உதவும் ஜனாதிபதி நிதியத்துக்கான விண்ணப்பங்கள் 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகங்களில் ஏற்கப்படுவதால், அதே வாயிலாக, முதியோர் கொடுப்பனவு பெறுவோரின் துண்டுகளுக்குரிய பணம் ஒரு மாதத்துக்குள் பெரியமடு அடங்கும் மாந்தை மேற்குச் செயலகத்திலேயே திருப்பிக் கொடுக்கப்படவேண்டும். தொடர்மாத்திரைகள் தெல்லிப்பழையிலிருந்து மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு வந்துசேரவேண்டும். இவற்றின் மொத்தத் தொகையை ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்ட விவாதத்தில் சபையின் முன் வைக்கும்படி வன்னித் தேர்தல் மாவட்டத்தின் பிரதிநிதிகள், கட்சி பேதமின்றி, கேட்பார்களாக. அத்தொகை பெரிதாயிருக்குமாயின், இத்தனை காலமும் அதைச் செலுத்திவந்தவர்கள் யார் என்பதைச் சபை அன்றைக்கு அறியும்.