லியருக்கு எதுக்கய்யா மைக்கு?

லண்டன் குளோப் தியேட்டர்ல 'கிங் லியர்' மாதிரி சோக நாடகத்தைக் கோடை மதியத்துல, கூரையில்லாத முற்றத்துல நின்னுக்கிட்டே பார்க்கலாம். மழை வந்தா நனையணும். குடை விரிக்கக் கூடாது.

"இந்தக் காலத்துல மைக்கு, கலர் லைட்டு இல்லாம நாடகமா?"ன்னு கேக்குற மேதாவிகளே, 2016-ல் அங்கேயே இந்தச் சண்டை நடந்தாச்சு. கலை இயக்குநர் எம்மா ரைஸ் ரெண்டையும் கொண்டுவந்தார். நிர்வாகக் குழு ஒத்துக்கல. 2018-ல் அவர் வெளியேறினார். (அனுப்பின விதம் அசிங்கம்தான்.) ஆனா குழு சொன்னதுல நியாயம் இருக்கு.

இருட்டு அரங்குல யாருக்கும் தெரியாம அழுதுட்டு வந்துடலாம். இங்கே நடிகருக்கும் நமக்கும் ஒரே வெயில். செத்த மகளைத் தூக்கிட்டு வர்ற கிழவன் நேரா உங்க மூஞ்சியைப் பார்க்குறான். எங்கே ஒளிவீங்க? அதுக்குப் பயந்துதானே லைட்டு கேக்குறீங்க, சாமிகளா?