நாற்காலி நிரந்தரம், உட்காருபவர் மட்டும் 'பயிற்சி'யா?



மேலூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு விவசாயக் கூலிக் குடும்பம். பெரியாறு வாய்க்காலில் தண்ணீர் வந்தால் தகப்பனார் வயல் வேலைக்குப் போவார். வராவிட்டால் கட்டட வேலைக்கு மதுரை பஸ் ஏறுவார். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவருடைய மகள். படிப்பின் ஒரு பகுதி என்று சொல்லி, சென்னையில் ஒரு பெரிய கம்பெனியின் 'கார்ப்பரேட் கம்யூனிகேஷன்ஸ்' இலாகாவுக்கு அவளை ஓராண்டுப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். கம்பெனி தன்னைப் பற்றி ஊருக்கு என்ன சொல்ல வேண்டும், என்ன சொல்லக் கூடாது என்று தீர்மானிக்கிற இலாகா அது. 2024 ஜூனில் போனாள். 2025 மே மாதம் ஒரு சான்றிதழோடு திரும்பினாள்.

தகப்பனார் கேட்டார்: "வருசம் பூரா கம்பெனியில வேலை பாத்தேங்கிற. வேலைக்காரி இல்லைன்னு எழுதிக் குடுத்துருக்காங்கங்கிற. ரெண்டுல எதுத்தா நெசம்?"

படிக்காத அந்த மனிதர் கேட்ட கேள்வியைத்தான் நாம் இங்கே முதலாளிமார்களிடமும் சர்க்காரிடமும் கேட்கிறோம்.

என்ன பயிற்சி?

காலை ஒன்பதரைக்கு உள்ளே போனால் இரவு எட்டு மணிக்கு வெளியே வருவாள். பத்திரிகைகளுக்கு அறிக்கை எழுதினாள். கம்பெனியின் மாத இதழைத் தயாரித்தாள். பள்ளிக்கூடத்துக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டிக்கொடுத்தால், தொட்டியைவிடப் பெரிதாகப் போர்டு தெரியும்படி படம் எடுக்கச் செய்தாள். மாதம் எட்டாயிரம் ரூபாய். அதற்குச் சம்பளம் என்று பெயர் இல்லை, 'உதவித் தொகை'. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் போக மிச்சமில்லை. வீட்டிலிருந்துதான் பணம் போயிற்று. அதாவது, மேலூர்க் கூலிக்காரர் சென்னைக் கம்பெனிக்கு மானியம் கொடுத்தார்!

கற்றுக்கொடுக்க ஆசிரியர் உண்டா? இல்லை. பாடத்திட்டம் உண்டா? இல்லை. அவளுக்கு முந்தைய ஆண்டு அதே நாற்காலியில் இன்னொரு மாணவர் இருந்தார். அவள் எழுந்த மறுநாள் வேறொருவர் வந்து உட்கார்ந்தார். நாற்காலி நிரந்தரம், வேலை நிரந்தரம், லாபமும் நிரந்தரம். உட்காருகிறவர் மட்டும் தற்காலிகம்! ஆண்டுக்கு ஆண்டு ஓயாமல் நடக்கிற வேலை உத்தியோகம் அல்லாமல் வேறென்ன?

பெயர் மாற்றும் தொழில்

அந்த ஓராண்டில் அவள் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை என்று நாம் சொல்ல மாட்டோம். ஒன்றைக் கற்றாள். தொழிலாளரை வெளியே தள்ளினால் 'மறுசீரமைப்பு' என்று எழுத வேண்டும். யந்திரத்தில் ஒருவர் விரல் போனால் 'சம்பவம்' என்று எழுத வேண்டும். கூலி உயர்வு கேட்கிற வரையில் தொழிலாளி 'நம் குடும்பத்தின் உறுப்பினர்'. கேட்ட மறுநாள் 'சில விஷமிகள்'.

இந்தத் தொழில் பிறந்த கதை நம் பஞ்சாலைத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. 1914 ஏப்ரல் 20. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் லட்லோ என்னும் இடம். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, கம்பெனி வீடுகளை இழந்து, குடும்பத்தோடு கூடாரங்களில் இருந்தார்கள். மாநிலப் படையும் கம்பெனியின் அடியாட்களும் அவர்களைச் சுட்டார்கள். கூடாரங்கள் தீக்கிரையாயின. ஒரு கூடாரத்தின் அடியில் குழிக்குள் பதுங்கிய 2 பெண்களும் 11 குழந்தைகளும் மூச்சு முட்டி மாண்டார்கள். அங்கே பெரிய சுரங்க முதலாளி ராக்பெல்லர். அவர் என்ன செய்தார்? ஐவி லீ என்ற பிரசார நிபுணரைச் சம்பளத்துக்கு அமர்த்தினார்! 'உண்மைகள்' என்ற தலைப்பில் துண்டறிக்கைகள் பறந்தன. சங்கத் தலைவர்களின் சம்பளத்தைப் பல மடங்கு பெருக்கிக் காட்டிய பொய்யும் அவற்றில் ஒன்று. எழுத்தாளர் அப்டன் சிங்ளேர் அந்த நிபுணருக்கு 'விஷக்கொடி' என்று பட்டம் சூட்டினார். இன்றைய விளம்பர இலாகாக்கள் அந்தக் கொடியில் பூத்தவைதாம்.

இது எங்கோ அமெரிக்காவில் நடந்தது என்று யாரும் எண்ண வேண்டாம். நம் மேலூரிலேயே பெயர் மாற்றினார்கள். அரிட்டாபட்டி என்பது நமக்கு ஊர். ஏரியும் சுனையும் மலையும் குடைவரைக் கோயிலும் உள்ள ஊர். 2022இல் தமிழ்நாடு அரசே அதைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. 2024 நவம்பரில் டில்லியின் ஏலக் காகிதத்தில் அந்த ஊரும் சுற்றுக் கிராமங்களும் என்ன பெயரில் வந்தன? 'நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பிளாக்'! ஏறத்தாழ 5,000 ஏக்கர். ஏலத்தில் முன்னுக்கு வந்தது வேதாந்தா குழுமத்தைச் சேர்ந்த ஹிந்துஸ்தான் ஜிங்க். ஊரை 'பிளாக்' என்று எழுதிவிட்டால் அங்கே மனிதர்கள் இருப்பது மறைந்துவிடும் என்று நினைத்தார்கள். 2025 ஜனவரி 7 அன்று மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு மதுரை தல்லாகுளத்தை நோக்கி நடந்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து என்ற அறிவிப்பு வந்தது. காகிதத்தில் மறைத்த மனிதர்கள் தார்ச்சாலையில் எழுந்து நின்றார்கள்!

அந்த நடைப்பயணத்தில் நம் பெண்ணின் தாயாரும் நடந்தார். மகள் சென்னையில், அந்த ஏலத்துக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு கம்பெனியில், 'கிராம மக்களும் நாமும்' என்று ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். கைப்பேசியில் தாயின் படம் வந்தது. "அன்னிக்கு முழுக்க ஒரு வரி எழுத ஓடல தோழர்" என்று நம்மிடம் சொன்னாள்.

அவளுக்கே பெயர் மாற்றினார்கள்

பிறர் துன்பத்துக்குப் பெயர் மாற்ற அவளைப் பழக்கியவர்கள், முதலில் அவளுக்கே பெயர் மாற்றியிருந்தார்கள். தொழிலாளி என்று எழுத வேண்டிய இடத்தில் 'இன்டர்ன்' என்று எழுதினார்கள். அந்த ஒரு சொல்லில் குறைந்தபட்சக் கூலி போயிற்று, வருங்கால வைப்பு நிதி போயிற்று, சங்கம் போயிற்று.

பஞ்சாலைத் தோழர்களுக்கு இது புதிதா? பதிலி, கேஷுவல், காண்டிராக்ட் என்று எத்தனை பெயர் பார்த்தவர்கள் நீங்கள்! கொங்கு நாட்டு நூற்பாலைகளில் ஏழைப் பெண்களை மூன்றாண்டு விடுதியில் அடைத்து வேலை வாங்கி, முடிவில் கல்யாணத்துக்கு ஒரு தொகை என்று ஆசை காட்டினார்களே, அந்தப் பெண்களுக்கும் 'அப்ரண்டிஸ்' என்றுதானே பெயர்? சுரண்டலுக்கு 'சுமங்கலி' என்று பெயரிட்டவர்கள் அல்லவா இவர்கள்!

சட்டம் எந்தத் திசையில் போகிறது பாருங்கள். 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டம் 'தொழிலாளி' என்ற சொல்லுக்குள் அப்ரண்டிஸையும் சேர்த்தது. 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டம் தன் 18ஆவது பிரிவில், அச்சட்டப்படி சேர்ந்தவர் பயிற்சியாளரே, தொழிலாளி அல்ல என்றது. 2020இல் நிறைவேற்றி 2025 நவம்பர் 21 அன்று அமலுக்குக் கொண்டுவந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்போ, 'தொழிலாளி' என்ற விளக்கத்திலிருந்தே அவரை வெளியே தள்ளியது.

சர்க்காரின் தாராளம்!

2024 ஜூலை 23 அன்று மத்திய பட்ஜெட்டில் ஒரு திட்டம் அறிவித்தார்கள். 500 பெரிய கம்பெனிகளில் ஐந்தாண்டில் ஒரு கோடி இளைஞருக்கு ஓராண்டுப் பயிற்சி, மாதம் ரூ.5,000. இதில் ரூ.4,500 சர்க்கார் கஜானாவிலிருந்து, அதாவது நம் வரிப்பணத்திலிருந்து. கம்பெனியின் பங்கு ரூ.500. அதுவும் சமூகப் பொறுப்பு நிதி என்று சட்டப்படி எப்படியும் செலவழித்தாக வேண்டிய பணத்திலிருந்து!

கணக்குப் போடுங்கள். மாதம் 26 நாள் என்றால் ஒரு நாளைக்கு ரூ.192. அதே 2024-25இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலி ரூ.319. கண்மாய் தூர்வாரிய தாய்க்குச் சட்டம் சொன்ன கூலியைவிட, பட்டம் பெற்று நாட்டின் பெரிய கம்பெனிக்குப் போகிற மகளுக்குக் குறைவு! படிக்க வைத்தால் பிள்ளை முன்னேறும் என்று காதுத்தோட்டை அடகு வைத்த குடும்பங்களுக்கு இதுதான் பரிசா?

"பிள்ளைகள் தொழில் கற்கிறார்களே, அதைத் தடுக்கிறீர்களா?" என்பார்கள். பயிற்சியை நாம் எதிர்க்கவில்லை. தறியும் உழவும் நாம் பயின்றே கற்றவை. ஆனால் ஒன்று கேட்கிறோம்: கற்றுக்குட்டி நூற்ற நூலை முதலாளி பாதி விலைக்கா விற்கிறார்? அந்தப் பெண் எழுதிய அறிக்கைக்குக் கீழே 'இது பயிற்சி அறிக்கை' என்று போட்டார்களா? சரக்கு முழுச் சரக்கு, விலை முழு விலை. உழைத்தவர் மட்டும் அரை ஆளா?

நாம் கோருவது

பயிற்சி என்றால் ஆசிரியரும் பாடமும் எழுத்தில் வேண்டும். வேலை வாங்கினால் குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். நிரந்தர வேலையில் பயிற்சியாளரை மாற்றி மாற்றி உட்கார வைப்பதைத் தடை செய்ய வேண்டும். வேலைக்கு எடுத்தால் பயிற்சி ஆண்டையும் சர்வீசில் சேர்க்க வேண்டும். அப்ரண்டிஸும் இன்டர்னும் தொழிலாளியே என்று சட்டத்தில் எழுத வேண்டும்.

மில் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நாளை உங்கள் வேலைநிறுத்தத்துக்கு எதிராக நிர்வாகம் விடும் நோட்டீசை இப்படி ஒரு பிள்ளைதான் எழுதியிருக்கும். அவள் நம் எதிரி அல்ல. நாம் போய்ச் சேராத தொழிலாளி. கழுத்தில் அட்டை தொங்குவதால் அவள் வேறு ஜாதி ஆகிவிடவில்லை. வாயிற்கூட்டம் போடும்போது அலுவலக மாடிக்கும் கேட்கும்படி பேசுங்கள்.

அந்தப் பெண் இப்போது ஊரில் இருக்கிறாள். சென்ற வாரம் விவசாயத் தொழிலாளர் கூலிக் கோரிக்கை மனுவை அவளே எழுதினாள். 'கூலி போதவில்லை' என்று முதல் வரி. ஓராண்டு முழுக்க அவளை எழுத விடாத வரி அது!

உழைப்பவருக்குத் தொழிலாளி என்று பெயர்! அந்தப் பெயரை வாங்கும் வரை ஓய மாட்டோம்!