ஒரு சவாரிக்கு எத்தனை குதிரை?

நீச்சல் பழகும் பிள்ளை, "எனக்கு இன்னொரு கிணறு வேண்டும்" என்று அடம் பிடித்து நாம் கேட்டதில்லை. ஆனால் மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழகி ஓராண்டுகூட நிரம்பாத வாலிபர்கள் இரண்டாவது வண்டிக்கும், அதற்குப் பிறகு மூன்றாவது வண்டிக்கும் ஏங்கித் தவிப்பதை இப்போது எங்கும் காண்கிறோம்.

சென்னைக்கும் பெங்களூருக்கும் ஏறக்குறைய நடுவழியில், ஆம்பூரை அடுத்து இருக்கிறது மாதனூர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்தால் போதும். இந்த வியாதி பரவும் விதத்தைப் பிரத்தியட்சமாகப் பார்க்கலாம். தோல் சட்டையும் முழங்கால் கவசமும் தரித்த வீரர்கள் கூட்டங்கூட்டமாக வந்து இறங்குகிறார்கள். சிலருக்கு லட்சியம் ஆம்பூர் பிரியாணி. சிலருக்கு ஏலகிரி மலை. வண்டிகளை வரிசையாக நிறுத்திவிட்டு, ஒருவர் வண்டியை ஒருவர் சுற்றிச் சுற்றி வந்து பார்க்கிறார்கள். தம் வண்டியைப் பார்ப்பவர் ஒருவரும் இல்லை!

அந்தக் கடையில் நமக்குப் பழக்கமான இளைஞர் ஒருவர் உண்டு. காலணித் தொழிற்சாலை ஒன்றில் வேலை. அவருடைய தாயாரும் அதே தொழில்தான். இயந்திரத்தின் முன் அமர்ந்து நாள் முழுதும் தோல் தைக்கிறார். எட்டு மாதங்களுக்கு முன் 150 சி.சி. வண்டி ஒன்றைத் தவணையில் வாங்கிய நம் இளைஞர், அன்று மிக்க உற்சாகத்துடன் இருந்தார்.

"ஸார், பெரிய வண்டி ஒன்று எடுக்கப் போகிறேன். வரியைக் குறைத்துவிட்டார்களே, தெரியுமா?"

தெரியும். 2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி முதல், 350 சி.சி. வரையிலான மோட்டார் சைக்கிள்களுக்குச் சரக்கு சேவை வரி நூற்றுக்கு 28-லிருந்து 18-ஆகக் குறைந்தது.

"அதோடு வேலூரில் ஒரு பழைய புல்லட் விலைக்கு வருகிறது. அதையும் விட மனசில்லை."

"இப்போது இருக்கும் வண்டிக்கு என்ன குறை?" என்று கேட்டோம்.

"குறை ஒன்றும் இல்லை, ஸார். ஆனால் மலைக்கு அது போதாது என்கிறார்கள்."

"எட்டு மாதத்தில் மலைக்கு எத்தனை தடவை போனீர்கள்?"

அவர் விரல் விட்டு எண்ணினார். இரண்டு விரலோடு எண்ணிக்கை நின்றுவிட்டது. அந்த இரண்டு தடவையும் ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் அதே சிறிய வண்டிதான் ஏறி இறங்கியிருக்கிறது. மற்ற நாளெல்லாம் வீடு, தொழிற்சாலை; தொழிற்சாலை, வீடு. வருஷத்துக்கு மூன்று நாள் சவாரிக்கு வாடகை வண்டி எடுத்தால் ஆகும் செலவையும், மாதந்தோறும் கட்டவேண்டிய தவணையையும் ஒரு காகிதத்தில் எழுதிப் பார்க்கச் சொன்னோம். அவர் எழுதவில்லை. விடை முன்னமே தெரிந்திருக்க வேண்டும்.

வளைவு என்பது இஞ்சினின் அளவைப் பார்த்து மரியாதை கொடுப்பதில்லை. திரும்புவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்தவரையும், போகவேண்டிய திசையில் கண்ணை வைத்தவரையும்தான் அது பத்திரமாக அனுப்பி வைக்கிறது. இந்த வித்தை கடையில் கிடைப்பதில்லை. ஒரே வண்டியில் மாதக் கணக்காகப் பழகித்தான் வரவேண்டும்.

பழைய புல்லட் விஷயத்தில் இதற்குமேல் ஓர் அபாயமும் உண்டு. அதில் கியர் வலக்காலுக்கும் பிரேக் இடக்காலுக்கும் அமைந்திருந்தன. இன்றைய வண்டிகளிலோ நேர்மாறு. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று மாற்றி ஓட்டுபவரின் எதிரே ஓர் ஆடு குறுக்கே பாய்ந்தால் என்ன ஆகும்? மூளை யோசிப்பதற்குள் கால் தன் பழக்கப்படி மிதிக்கும். அது பிரேக்கா, கியரா? பல வருஷம் ஓட்டித் தேர்ந்தவர் சமாளிக்கலாம். எட்டு மாதப் பழக்கக்காரர் இந்தப் பரீட்சைக்குத் தம் உயிரையே கட்டணமாகச் செலுத்த வேண்டியிருக்கும்.

சும்மா நிறுத்தி வைக்கும் வண்டியாவது சாதுவாக இருக்குமா என்றால், அதுவும் இல்லை. பாட்டரி தானே வற்றும். சங்கிலி துருவேறும். டயர் இறுகும். எதனால் கலந்த பெட்ரோல் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு டாங்கியில் கெடும். இன்ஷூரன்ஸோ, ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் பணம் கேட்கும். பாலுக்காக வாங்கும் பசுவாவது சாணி போடும். இது அதுவும் போடாது!

நம் இளைஞர் இலேசில் விடவில்லை. "புல்லட் நம் சென்னையில் செய்த வண்டி அல்லவா? சுதேசித் தொழிலை ஆதரிக்க வேண்டாமா?" என்றார்.

வாதம் அழகானதுதான். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸாரும் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியாரும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்தார்கள். இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி மூடப்பட்ட பிறகும், திருவொற்றியூரில் பிறந்த பிள்ளை பிழைத்து வளர்ந்தது. தமிழ்நாட்டார் பெருமைப்பட வேண்டிய செய்தி இது.

ஆனால் சுதேசியத்தைக் காந்தி மகானைவிட அதிகமாக ஆதரித்தவர் யார்? வரி குறைந்த அதே செப்டம்பர் 22-ந் தேதி, 1921-ம் வருஷத்தில், மதுரையில் அவர் என்ன செய்தார்? கதர் விற்பனை பெருகட்டும் என்று நான்கு வேஷ்டிகளை வாங்கி அடுக்கவில்லை. அன்னியத் துணியை விட்டுவிட்டு முழுக் கதர் உடுத்த ஏழைகளுக்கு வசதியில்லை என்று கண்டு, தம் உடையையே முழங்கால் அளவு முண்டாகக் குறைத்துக்கொண்டார். வேண்டியதைச் சுதேசியாக வாங்குவதே சுதேசியம். வேண்டாததை வாங்கிவிட்டுத் தேசத்தின் பெயரைச் சொல்வது வேறு சங்கதி.

இளைஞர் சற்று மௌனமாக இருந்தார். பிறகு மெல்லிய குரலில், "முன்பணத்துக்கு அம்மாவின் சீட்டுப் பணத்தைத்தான் கேட்டிருக்கிறேன்" என்றார். அந்தச் சீட்டு, கல்லூரியில் படிக்கும் தங்கைக்காகத் தாயார் கட்டி வந்தது. தங்கையோ தினம் இரண்டு பஸ் மாறிப் போகிறாள்.

ஒரு வீட்டுக்கு இரண்டு வண்டி கூடாது என்பது நம் கட்சியல்ல. ஓட்டுகிறவர் இருவரானால் வண்டியும் இரண்டாகலாம். ஓட்டுகிறவர் ஒருவரே இருக்க, வண்டி மட்டும் பெருகுவதைத்தான் வேண்டாம் என்கிறோம். இதை அவரிடம் சொல்லிவிட்டு நாம் புறப்பட்டோம்.

சென்ற வாரம் மறுபடியும் அந்தக் கடையில் இறங்கினோம். அதே 150 சி.சி. வண்டி, அவரே தரையில் குந்திச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். "புல்லட்டை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள், ஸார்" என்றார். குரலில் வருத்தம் இருந்தது. சீட்டுப் பணத்தைப் பற்றி நாம் கேட்கவில்லை. கைப்பிடியில் இரண்டு தலைக்கவசங்கள் தொங்கின. ஒன்று புதியது, அளவில் சிறியது.

"தங்கைக்கு ஓட்டக் கற்றுக் கொடுக்கிறேன்" என்றார்.

காலணி செய்கிற ஊருக்கு நாம் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? காலுக்குத்தான் செருப்பே ஒழியச் செருப்புக்காகக் காலை வெட்டுவதில்லை என்பது அங்கே சிறு பிள்ளைக்கும் தெரியும்.